பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்குமுன் டேப்பை எடுங்கள்

கிருஷ்ணகிரியில் கிட்டார் பழுது பார்ப்பது என் தொழில். சென்ற டிசம்பரில் தர்மபுரி பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பவர். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஆறு நாள்தான் இருந்தது. "அண்ணா, கம்பி மாத்தினதிலேருந்து அழுத்தவே முடியல" என்றார். கிட்டாரின் கழுத்தான நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அளந்து பார்த்தேன். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. அதில் பாதி இருந்தாலே போதும்.

அவர் செய்தது இதுதான். பழைய பாடல்களில் வருகிற மாதிரி உருண்டு திரண்ட பேஸ் சத்தம் வேண்டும் என்று ஆசைப்பட்டு, 45-105 செட்டைக் கழற்றிவிட்டு 50-110 செட் போட்டிருக்கிறார். இந்த எண்கள் மிக மெல்லிய கம்பியின் பருமனையும் மிகத் தடித்த கம்பியின் பருமனையும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கின்றன. ஐந்துதானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் நான்கு கம்பியும் சேர்ந்து ஏற்கெனவே சுமார் 80 கிலோ விசையோடு நெக்கை இழுத்துக்கொண்டிருக்கின்றன. பருமன் கூடினால் அந்த இழுவை இன்னும் பத்துக் கிலோவுக்கு மேல் ஏறும். நெக் முன்பக்கம் வளையும், கம்பி மேலே தூக்கும். நெக்கின் மேல் முனையில் கம்பி உட்காரும் துண்டான நட்டில் உள்ள பள்ளமும் பழைய கம்பிக்கு வெட்டியது என்பதால், தடித்த கம்பி உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது. விரல் புண்ணாகாமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும் அவர் தேடிய சத்தம் பருமனில் இல்லை, கம்பியின் மேல் சுற்றில் இருக்கிறது. பெரும்பாலான பேஸில் வருவது ரவுண்ட்வவுண்ட். உருண்டைக் கம்பியைச் சுற்றியது, விரலால் தடவினால் வரிவரியாகத் தெரியும், சத்தம் பளிச்சென்று இருக்கும். ஃப்ளாட்வவுண்டில் தட்டையான பட்டையைச் சுற்றியிருப்பார்கள். வழவழப்பாக இருக்கும், விரல் நகரும்போது கீச்சிடாது, சத்தம் உருண்டையாக அடங்கி வரும். 1960களில் அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட்வவுண்ட்தான் போட்டிருந்தார். அதையும் அடிக்கடி மாற்ற மாட்டார். தம்பிக்கு பெங்களூரிலிருந்து ஒரு ஃப்ளாட்வவுண்ட் செட் வரவழைத்துப் போட்டேன். ஃப்ளாட்வவுண்ட் பெரும்பாலும் அதே பருமன் ரவுண்ட்வவுண்டைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இழுக்கும். அதனால் பருமன் குறைந்த செட்டாகப் பார்த்து எடுத்தேன். நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்கிற உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி, ஒரு ராத்திரி விட்டு, மறுபடி கால் சுற்று. அவசரத்தில் ஒரேயடியாகத் திருப்பி ட்ரஸ் ராடை உடைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அந்தச் செலவைக் கேட்டால் மனசு கஷ்டமாகிவிடும்.

அப்படியானால் 50-110 எப்போதுமே தப்பா? இல்லை. குழு பாடுகிற சுருதிக்காக முழு பேஸையும் ஒரு முழு சுரம் இறக்கி ட்யூன் செய்து வாசிக்கிறீர்கள் என்றால், இழுவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். 45-105 கம்பி தொளதொளவென்று ஆடி ஃப்ரெட்டில் உரசும். அங்கே தடித்த செட் சரியான தேர்வு. எந்தச் சுருதியில் வாசிக்கிறீர்கள் என்று நான் முதலில் கேட்பது இதற்காகத்தான்.

அடுத்தது நீளம். நட்டிலிருந்து, உடல்பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வழக்கமான பேஸ் 34 அங்குலம். சின்ன பேஸ் 30 அங்குலம். ஐந்து கம்பி பேஸில் சில 35. முப்பது அங்குல பேஸுக்கு நீளக் கம்பி வாங்கினால், அதன் தடித்த பகுதியே ட்யூனிங் கட்டையில் சுற்ற வேண்டிவரும். வளைகிற இடத்தில் சுற்று பிளந்து கம்பி செத்துப்போகும். உடலின் பின்பக்கத்திலிருந்து கம்பி கோக்கிற பேஸ் என்றால் கூடுதல் நீளம் வேண்டும், கடைக்காரரிடம் அதையும் சொல்லுங்கள்.

எலக்ட்ரிக் பேஸில் வெண்கலக் கம்பி போடாதீர்கள். கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றுகிற காந்த பிக்கப், இரும்பு, நிக்கல் போன்று காந்தம் ஈர்க்கும் உலோகத்தின் அசைவைத்தான் பிடிக்கும். வெண்கலச் சுற்றில் சத்தம் இறங்கிவிடும். அது அகூஸ்டிக் பேஸுக்கானது. ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸ் வைத்திருப்பவர்கள் ஃப்ளாட்வவுண்டோ நைலான் சுற்றிய கம்பியோ போடுங்கள். ரவுண்ட்வவுண்ட் மரத்தை அரம் போல ராவிவிடும்.

நம் ஊர் சித்திரை வெயிலில் கோயில் திருவிழா மேடையில் மூன்று மணி நேரம் வாசித்தால் கம்பி முழுக்க வியர்வைதான். கை அதிகம் வியர்ப்பவர்களுக்குப் பூச்சுப் பூசிய கம்பி விலைக்குத் தகுந்தபடி உழைக்கும். மற்றவர்களுக்கு நிக்கல் பூசியதே போதும், வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்தால் சரி.

கம்பியை வெட்டும்போது முதலில் செங்கோணமாக மடித்து, மடிப்புக்கு வெளியேதான் வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் சில கம்பிகளில் சுற்று உள்ளுக்குள் அவிழ்ந்துகொள்ளும். போன மாதம்கூட ஒருவர் புதுக் கம்பி மந்தமாக இருக்கிறது என்று கொண்டுவந்தார். கம்பியில் குறையே இல்லை, வெட்டிய இடத்தில்தான் அவிழ்ந்திருந்தது.