ஹிலோனி

இஸ்ரேல் பற்றிய செய்திகளில் அடிபடும் எபிரேயச் சொல் இது. தமிழில் இதை 'மதச்சார்பற்ற யூதர்' என்கிறார்கள், சிலர் துணிந்து 'நாத்திக யூதர்' என்றே போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

சொல்லின் வேர் 'ஹோல்'. புனிதம் சாராதது, சாதாரணமானது என்று பொருள். எதிர்ச்சொல் 'கோதெஷ்', அதாவது புனிதம். வாரநாளுக்கு 'யோம் ஹோல்' என்று பெயர். சனிக்கிழமை இருட்டியதும் ஓய்வுநாளை வழியனுப்பும் ஹவ்தாலா சடங்கில், கோதெஷையும் ஹோலையும் பிரித்து வைத்தவன் என்று கடவுளைப் போற்றுவார்கள்.

'ஹிலோனி'யும் புதிதாகச் செய்த சொல் இல்லை. ஆசாரியர், அதாவது பூசாரி குடும்பத்தைச் சேராத அந்நியன் பரிசுத்தமான படையலைச் சாப்பிடக் கூடாது என்கிறது யூத வேதத்தின் லேவியராகமம் 22:10. பழைய அரமேய மொழிபெயர்ப்பான ஒன்கெலோஸ் தர்கூமில் அந்த 'அந்நியன்' இருக்கும் இடத்தில் இந்தச் சொல்தான் நிற்கிறது. ஆக, முதலில் ஹிலோனி என்றால் ஆசாரியர் அல்லாதவர், அவ்வளவுதான். அவருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

இன்றைய எபிரேயத்தில் மதச் சட்டப்படி வாழாதவர் ஹிலோனி. இஸ்ரேலிய யூதர்கள் ஹரேதி (கடும் ஆசாரக்காரர்), தாத்தி (மதச் சட்டப்படி வாழ்பவர்), மசோர்த்தி (மரபை ஓரளவு பேணுபவர்), ஹிலோனி என்று தங்களை நான்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் தங்களை ஹிலோனி என்றனர். அந்தப் பாதியிலும் கடவுள் இல்லை என்றவர்கள் சிறுபான்மைதான். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் விருந்துக்குப் பெரும்பாலோர் போகிறார்கள். பாவமன்னிப்புக்கான நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று வண்டி ஓடாத நெடுஞ்சாலைகளில் சைக்கிள் விடுவது ஹிலோனி வீட்டுப் பிள்ளைகளின் தனிக் கொண்டாட்டம். இவர்களை நாத்திகர் என்றால் எப்படிப் பொருந்தும்? 'மதச்சார்பற்ற' என்பதோ நம் காதில் அரசையும் அரசியல் சட்டத்தையும் பற்றிய சொல்லாகத்தான் விழுகிறது.

நம்மிடம் அச்சாக இதே இணை இருக்கிறது: வைதீகம், லௌகீகம். வைதீகத்தை விட்டு வேறு வேலைக்குப் போனவரை லௌகீகர் என்பார்களே, அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எனவே 'லௌகீக யூதர்' மிக நெருங்கி வருகிறது. தனித்தமிழ் வேண்டுமென்றால் 'உலகியல் யூதர்'. 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்று தொல்காப்பியமே பழக்கிய சொல்தான்.

இதோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு பெயர் 'ஹியூமனிஸ்டிக் ஜூடாயிசம்'. ஹிலோனி என்பது வாழும் விதம். ஹியூமனிஸ்டிக் ஜூடாயிசமோ அமெரிக்காவில் பிறந்த, கொள்கையும் அமைப்பும் கொண்ட இயக்கம். ரபி (யூத மதகுரு) ஷெர்வின் வைன் 1963இல் டெட்ராய்ட் புறநகரில் பர்மிங்ஹாம் டெம்பிள் என்ற சபையைத் தொடங்கினார். வழிபாட்டு வாசகங்களிலிருந்து கடவுளை எடுத்துவிட்டு, யூத வரலாறு, பண்டிகை, பண்பாடு ஆகியவற்றை வைத்துக்கொண்டார்கள். யூத வேதமான தோராவின் சுருளை நூலகத்தில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது 'ஆண்டவரே, நீர் போற்றப்படுவீராக' என்று தொடங்கும் மரபு வாசகத்துக்குப் பதிலாக, 'உலகில் உள்ள ஒளி போற்றப்படுக' என்கிறார்கள். 1969இல் இப்படிப்பட்ட சபைகளுக்குப் பொதுச் சங்கமும் உருவானது.

இதை 'மனிதநேய யூதம்' என்று எழுதினால் ஏதோ அன்னதான அமைப்பு போல் ஒலிக்கிறது. மனிதநேயம் நமக்கு இரக்கம். இங்கே சொல்லப்படுவதோ, வாழ்க்கைக்குப் பொறுப்பு மனிதரே, மேலே யாரும் இல்லை என்ற நிலைப்பாடு. அதற்கு 'மானுடவாத யூதம்' பொருந்தும்.