மோட்டாரை மாற்றும் முன் கீலைப் பாருங்கள்

பழைய காரில் ஒரு கதவு மட்டும் ரிமோட்டுக்குப் பூட்டிக்கொள்ளாவிட்டால், பழி முதலில் விழுவது கதவுக்குள் இருக்கும் மோட்டார்மீதுதான். புது மோட்டார் வாங்கிப் பொருத்திய பிறகும் கதவு அசையாமல் நிற்பதுண்டு. பூட்டு எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த வீண்செலவைத் தவிர்க்கலாம்.

கதவுக்குள் இருப்பது 12 வோல்ட்டில் ஓடும் சிறிய நேர்மின்னோட்ட (DC) மோட்டார். அது பல்சக்கரங்கள் வழியாக ஒரு தண்டைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டும். திசை மாறினால் திறக்கும். பல கார்களில் இந்தத் திசைமாற்றத்தை ரிலேக்கள் எனும் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள் செய்கின்றன. ஒவ்வொரு முறையும் மோட்டாருக்கு மின்சாரம் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரமே.

எந்தக் கதவும் அசையவில்லையென்றால் ஃபியூஸையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். பூட்டிய உடனே எல்லாக் கதவுகளும் தாமாகத் திறந்துகொண்டால், ஓட்டுநர் கதவின் நிலையைக் கண்டறியும் சிறு சுவிட்சைச் சந்தேகிக்கலாம். ஒரே கதவு மட்டும் முரண்டு பிடித்தால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் பூட்டு நகரவில்லையென்றால் பல்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது தண்டு கழன்றிருக்கும். மெதுவாக முனகினால் இறுகிப்போன கிரீஸோ மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதோ காரணமாகலாம்.

ஓசையே இல்லையென்றால், என் முதல் சந்தேகம் கீல்மீதுதான். கார் உடலிலிருந்து கதவுக்குச் செல்லும் வயர்கள் அங்கே ஒரு ரப்பர் குழாய்க்குள் போகின்றன. கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அவை வளைகின்றன. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வளையும் செம்பு இழைகள் உலோகச் சோர்வால் ஒவ்வொன்றாக முறிகின்றன. மேலுறை முழுதாக இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. கதவைப் பாதி திறந்து வைத்தால் பூட்டு வேலை செய்கிறது, முழுதாக மூடினால் நின்றுவிடுகிறது என்றால் இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றுவதும் இங்கேதான். ஓரிரு இழைகள் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். அது இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு சொற்பம். மோட்டாருக்கோ சில ஆம்பியர் வேண்டும். பழுதான இடத்தில் 2 ஓம் மின்தடை இருந்து 3 ஆம்பியர் பாய்ந்தால், 6 வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும். மீதி 6 வோல்ட்டில் மோட்டார் திணறும். ஆகவே கதவு அட்டையைக் கழற்றி, மோட்டாரின் இணைப்பானைப் பிரித்து, அதன் இரு வயர்களுக்கிடையே கார்களில் பயன்படும் 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து, உதவிக்கு ஒருவரைச் சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். பல்புக்கு மின்சாரத்தின் திசை பொருட்டல்ல. பூட்டும்போதும் திறக்கும்போதும் ஒருமுறை பளிச்சென்று எரிய வேண்டும். எரிந்தால் குற்றவாளி மோட்டார். மங்கினாலோ எரியாவிட்டாலோ வயரைத் தேடுங்கள். கதவுக்குள் காற்றுப்பைக்கான (ஏர்பேக்) வயர்கள் இருக்கலாம். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் அவற்றின் அருகே பல்பைக் கொண்டுபோகவே கூடாது.

முறிந்த இடத்திலேயே ஈயம் வைத்துப் பற்றவைப்பதை நான் ஏற்பதில்லை. ஈயம் ஊறிய பகுதி விறைத்துவிடுவதால், வயர் அதன் ஓரத்தில் மறுபடி முறியும். பல மெல்லிய இழைகள் கொண்ட புது வயர்த் துண்டை வளையும் பகுதி முழுவதும் ஓடவிட்டு, இணைப்புகளை அதற்கு வெளியே வைக்க வேண்டும்.