கணினி விளையாட்டால் மனச்சோர்வு தணியுமா?

மனச்சோர்வுக்கு ஆளாகும் பதின்வயதினர் பலர், அதுவரை தமக்குப் பிடித்திருந்த சின்னச் சின்ன செயல்களை ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்குகிறார்கள். மகிழ்ச்சி தரும் அனுபவங்கள் குறையக் குறையச் சோர்வு கூடுகிறது; சோர்வு கூடக் கூட, வெளியே போகவும் நண்பர்களோடு பேசவும் மனம் வருவதில்லை. பதற்றத்திலும் இத்தகைய சுழல் உண்டு. வகுப்பில் எழுந்து பேச அஞ்சும் மாணவி பேசாமல் இருந்துவிடும்போது கிடைக்கும் நிம்மதியே, பேசியிருந்தால் விபரீதம் எதுவும் நேர்ந்திருக்காது என்று அறியும் வாய்ப்பைப் பறித்து, அச்சத்தைக் குறையாமல் காப்பாற்றி வைக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வகுக்கத் தொடங்கிய சிகிச்சைமுறையிலிருந்து வளர்ந்து, இன்று சிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை, இந்தச் சுழலை அறுக்கவே முயல்கிறது. தோன்றும் எண்ணத்தை எழுதிவைத்து அதற்கு ஆதாரம் உண்டா என்று சோதிப்பதும், அஞ்சும் செயலைச் சிறு படிகளாகப் பிரித்துச் செய்து பார்ப்பதும் அதன் முக்கியப் பயிற்சிகள். பயிற்சி என்பதால்தான் அதை இணையம் வழியாகவும் கற்பிக்க முடிகிறது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் சாலி மெரி தலைமையிலான குழு உருவாக்கிய ‘ஸ்பார்க்ஸ்’ என்னும் கணினி விளையாட்டு இதற்கு நல்ல சான்று. கற்பனை உலகம் ஒன்றின் ஏழு பகுதிகளை விளையாடுபவர் கடந்து செல்ல வேண்டும். பனி சூழ்ந்த பகுதியில் உடலையும் நாளையும் சுறுசுறுப்பாக வைத்துக்கொள்வதையும், எரிமலைப் பகுதியில் கடும் உணர்ச்சிகளைக் கையாள்வதையும் அவர் கற்கிறார்; சதுப்புநிலத்தில், தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்ளும் எண்ணங்களை இனங்காணப் பழகுகிறார். அவ்வெண்ணங்கள் அங்கே பூச்சிகளின் உருவில் பறந்து வந்து தாக்குகின்றன. தலைக்குள் ஓடுவதை எல்லாம் உண்மை என்று நம்பிப் பழகிய ஒருவருக்கு, எண்ணம் தம்மிலிருந்து பிரிந்து கண்ணெதிரே பறப்பதைக் காண்பதே ஒரு பாடம் என்பது என் கருத்து. விளையாட்டில் கற்றதை அன்றாட வாழ்வில் செய்து பார்க்கும்படி ஒரு வழிகாட்டிப் பாத்திரம் பணிக்கிறது. சிகிச்சையின் பெரும்பகுதி அங்கேதான், திரையை அணைத்த பிறகுதான், நடக்கிறது.

2012இல் வெளியான ஆய்வில், 12 முதல் 19 வயது வரையிலான 187 பேர் பங்கேற்றார்கள். பெரும்பாலும் நேரில் ஆலோசனை பெற்ற குழுவைவிட ஸ்பார்க்ஸ் குழுவின் முன்னேற்றம் குறைந்துவிடவில்லை; சுமார் 60 விழுக்காட்டினர் ஏழு பகுதிகளையும் முடித்தார்கள். ஆனால் அந்த விளையாட்டு எல்லோருக்கும் இணையத்தில் திறந்துவிடப்பட்டபோது, முடித்தவர்களின் விகிதம் வெகுவாகச் சரிந்தது. பிரிட்டனில் வயதுவந்தோர் 691 பேரிடம் சிபிடி கற்பிக்கும் வேறு இரு மென்பொருள்களைச் சோதித்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்விலும், பலர் ஓரிரு அமர்வுகளோடு நின்றுவிட்டார்கள். வழக்கமான மருத்துவத்தைவிடக் கூடுதல் பயன் தென்படவில்லை. மென்பொருள் கேட்கும் ஊக்கத்தையே நோய் முதலில் தின்றுவிடுகிறது. இதைச் சோம்பல் என்று பழிப்பது கொடுமை.

அதனால், பயிற்சி பெற்ற ஒருவர் பின்னாலிருந்து துணைநிற்கும் திட்டங்கள் பொதுவாகக் கூடுதல் பலன் தருகின்றன. அவர் நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. ‘செவ்வாய்க்கிழமை கைப்பந்துக்குப் போவதாக எழுதியிருந்தாயே, போக முடிந்ததா?’ என்று, எழுதியதைப் படித்துக் கேட்கும் நான்கு வரிச் செய்தி போதும். நாம் செய்வதை ஒருவர் கவனிக்கிறார் என்ற உணர்வு அடுத்த அமர்வுக்கு அழைத்து வரும். செயலிகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இத்தகைய துணையாளர்களுக்கு ஒதுக்காமல் பலன் எதிர்பார்ப்பது வீண்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் அபாயம் மிகுந்தவர்கள் ஸ்பார்க்ஸ் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றிய எண்ணங்களைக் கேட்கிறது. அத்தகைய எண்ணம் சில நாட்களாவது வந்ததாக ஒருவர் குறித்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், மென்பொருள் அடுத்த பாடத்துக்குப் போகாமல் அவரை உடனே ஒரு மனிதரிடம் சேர்க்க வேண்டும். இந்தியாவில் அதற்கு 14416 என்ற, ‘டெலி-மானஸ்’ எனப்படும் அரசு மனநல உதவி எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம்.