உங்கள் ஏஆர்எம் சர்வரின் பேஜ் சைஸ் என்ன என்று பார்த்தீர்களா?

போன வாரமும் அதே அழைப்பு. ஒரு டீம் செலவைக் குறைக்க ஏஆர்எம் ப்ராசஸர் உள்ள சர்வர்களுக்கு மாறியிருக்கிறது. டெஸ்டிங் எல்லாம் முடிந்து புரொடக்‌ஷனில் ஏற்றியதும் ப்ரோகிராம் எழும்பவே இல்லை. லாக்கில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘ஜெமாலாக்: அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்’. அதற்குக் கீழே, சில பைட் மெமரிகூட ஒதுக்க முடியவில்லை என்று ரஸ்ட் மொழி சொல்லும் எர்ரர். மெமரி என்ற சொல்லைப் பார்த்ததும் ரேம் போதவில்லை என்று முடிவுகட்டி, இரண்டு மடங்கு பெரிய மெஷினை வாடகைக்கு எடுத்து, அதிலும் அதே வரியைப் பார்த்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் வரியிலேயே விடை இருக்கிறது. தயவுசெய்து அதைப் படியுங்கள். ரேம் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேஜ் என்பது கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, மெமரியைப் பிரித்துக் கையாளும் துண்டு. அந்தத் துண்டின் அளவுதான் பேஜ் சைஸ்.

ஜெமாலாக் சி மொழியில் எழுதப்பட்ட மெமரி அலோகேட்டர், அதாவது ப்ரோகிராம் கேட்கும் மெமரியை ஒதுக்கித் தரும் லைப்ரரி. ஜேசன் எவன்ஸ் எழுதியது. 2005-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அலோகேட்டராகப் புழக்கத்துக்கு வந்தது. பிறகு ஃபயர்ஃபாக்ஸுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனது. நீங்கள் அதைத் தேடிப்போய் எடுத்திருக்கவே வேண்டாம். லினக்ஸில் ரெடிஸ் என்ற டேட்டாபேஸை வழக்கம்போல் கம்பைல் செய்தால் கூடவே வந்துவிடும். அருமையான லைப்ரரி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் கம்பைலுக்கு முன் கன்ஃபிகர் ஸ்க்ரிப்ட் ஓடும் அந்த ஒரு நிமிடத்தில் அது சில முடிவுகளை எடுத்து பைனரிக்குள் பதித்துவிடுகிறது. அவற்றை அப்புறம் மாற்ற முடியாது.

பேஜ் சைஸ் அப்படி ஒரு முடிவு. ‘வித்-எல்ஜி-பேஜ்’ என்ற ஆப்ஷனில் கொடுப்பது 2-இன் அடுக்கு: 12 என்று கொடுத்தால் 4 கேபி, 14 என்றால் 16 கேபி, 16 என்றால் 64 கேபி. ஒன்றுமே கொடுக்காவிட்டால் பில்ட் நடக்கும் மெஷினைக் கேட்டு அதையே எடுத்துக்கொள்ளும். க்ராஸ் கம்பைல், அதாவது வேறு வகை மெஷினுக்காகக் கட்டுவது, என்றால் கேட்கவும் வழியில்லை, பொதுவாக 4 கேபி என்று வைத்துக்கொள்ளும். அப்படிக் கட்டிய பைனரி 64 கேபி பேஜ் உள்ள கெர்னலில் ஓடாது. தலைகீழாக, 64 கேபிக்குக் கட்டியது 4 கேபி கெர்னலில் ஓடும்.

எக்ஸ்86-இல், அதாவது இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில், அடிப்படை பேஜ் எப்போதும் 4 கேபி என்பதால் வருடக்கணக்கில் யாருக்கும் இது தெரியவரவில்லை. 64 பிட் ஏஆர்எம்மில் கெர்னலைக் கட்டுபவர் 4, 16, 64 என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ரெட் ஹாட் லினக்ஸ் 8-இன் ஏஆர்எம் கெர்னல் 64 கேபி. 9-இல் 4 கேபிக்கு வந்துவிட்டார்கள், 64 தனி பேக்கேஜாகக் கிடைக்கிறது. ராஸ்பெர்ரி பை 5-இன் வழக்கமான கெர்னல் 16 கேபி. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் அசாஹி லினக்ஸ் போட்டாலும் 16 கேபிதான்.

இந்த இடத்தில் எல்லோரும் என்னிடம் சொல்வது: “ஆனா சார், நாங்க கன்டெய்னர்ல தானே ஓட்டறோம்?” எனக்கு இதைவிட எரிச்சல் தரும் கேள்வி வேறு இல்லை. அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். கன்டெய்னர் இமேஜுக்குள் லைப்ரரி இருக்கிறது, ஃபைல்கள் இருக்கின்றன, உங்கள் ப்ரோகிராம் இருக்கிறது. கெர்னல் இல்லை. டெபியன் இமேஜை ரெட் ஹாட் சர்வரில் ஓட்டினால், உள்ளே டெபியன் என்று எழுதியிருந்தாலும் ஓடுவது ரெட் ஹாட் கெர்னல். பேஜ் சைஸைத் தீர்மானிப்பது அந்தக் கெர்னல். கன்டெய்னருக்குள் நுழைந்து ‘கெட்கான்ஃப் பேஜ்சைஸ்’ அடித்துப் பாருங்கள். ஹோஸ்டில் வரும் எண்ணேதான் அங்கேயும் வரும். எக்ஸ்86 மெஷினில் எமுலேட் செய்து ஏஆர்எம் இமேஜ் கட்டினாலும் அலோகேட்டரில் பதிவது 4 கேபிதான். லேப்டாப்பில் ஓடியது, சிஐ-யில் ஓடியது, ஸ்டேஜிங்கில் ஓடியது என்று வரிசையாகச் சொல்கிறார்கள். மூன்றும் 4 கேபி கெர்னல்களாக இருந்தால் நீங்கள் ஒரே சோதனையை மூன்று முறை செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, என்விரான்மென்ட் வேரியபிள், அதாவது ப்ரோகிராமுக்கு வெளியிலிருந்து தரும் செட்டிங், மேல் இருக்கும் நம்பிக்கை. ‘மாலாக்-கான்ஃப்’ வழியாக எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அரீனா (அலோகேட்டர் மெமரியைப் பிரித்து வைக்கும் பகுதி) எத்தனை, காலியான பேஜ்களை எவ்வளவு நேரத்தில் கெர்னலிடம் திருப்பித் தருவது, பின்னணி த்ரெட் வேண்டுமா என்பதெல்லாம் அதில் மாறும். பேஜ் சைஸ் மாறாது. எந்தக் கோடு எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும் ஹீப் ப்ரொஃபைலிங்கும் அப்படித்தான்: ‘எனேபிள்-ப்ராஃப்’ கொடுத்துக் கட்டியிருந்தால்தான் அந்தக் கோடே பைனரிக்குள் இருக்கும், வழக்கமான பில்டில் இருக்காது. மெமரி லீக் என்று பதறி நடுராத்திரியில் ‘ப்ராஃப்:ட்ரூ’ போட்டால், ‘இன்வேலிட் கான்ஃப் பேர்’ என்று ஒரு வரி வரும். சட்டையைத் தைத்து முடித்த பிறகு அளவெடுக்கிற கதைதான். லீக் வந்த அன்றைக்குத் தேவைப்படும் என்று தெரிந்தால் பில்ட் செய்யும் நாளிலேயே சேர்த்துக் கட்டுங்கள். சேர்த்துக் கட்டினாலும் நீங்கள் ஆன் செய்யும்வரை அது சும்மா இருக்கும்.

எர்ரர் வரியாவது வந்தால் பரவாயில்லை. பெயர்களுக்கு முன்னால் ஒட்டும் முன்னொட்டு விஷயத்தில் அதுகூட வராது. ‘வித்-ஜெமாலாக்-ப்ரீஃபிக்ஸ்’ கொடுத்துக் கட்டினால் ஃபங்க்‌ஷன் பெயர்களோடு என்விரான்மென்ட் வேரியபிளின் பெயரும் மாறிவிடும். ரெடிஸ் தன்னோடு கொண்டுவரும் ஜெமாலாக்கை ‘ஜேஇ’ முன்னொட்டோடு கட்டுகிறது. ஆகவே அங்கே வேலை செய்வது ‘ஜேஇ-மாலாக்-கான்ஃப்’. வெறும் பெயரில் நீங்கள் வைத்த செட்டிங்கை யாரும் படிக்கப்போவதில்லை. ரஸ்ட் ப்ரோகிராம்களுக்கு ஜெமாலாக்கைக் கொண்டுவரும் ‘டைகேவி ஜெமாலாக்’ பேக்கேஜின் வழக்கமான பில்டில் அந்த முன்னொட்டு ‘அண்டர்ஸ்கோர் ஆர்ஜெம்’. செட்டிங் போட்டும் மெமரி குறையவில்லை என்று ஜெமாலாக்கைத் திட்டுபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பெயரைத்தான். மேக்கில் முன்னொட்டு தானாகவே சேர்ந்துவிடும் என்பதால், லிங்க் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு சிஸ்டம் அலோகேட்டரையே அளந்துகொண்டிருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ரெடிஸ் பற்றி இன்னொன்று. பில்ட் ஆப்ஷனை மாற்றிவிட்டு வெறுமனே ‘மேக்’ அடித்தால் உள்ளே இருக்கும் ஜெமாலாக் மறுபடி கம்பைல் ஆகாது. ‘மேக் டிஸ்ட்க்ளீன்’ செய்யும்வரை பழைய முடிவுகள் அப்படியே இருக்கும். ரீட்மீயிலேயே எழுதியிருக்கிறார்கள்.

டீபக் பில்டை புரொடக்‌ஷனில் ஏற்றாதீர்கள். ‘எனேபிள்-டீபக்’ கோடுக்குள் இருக்கும் ஒவ்வொரு அசெர்ட்டையும் (தன்னைத் தானே சரிபார்க்கும் சோதனை) உயிர்ப்பிக்கும், ஒதுக்கும் மெமரியில் குப்பை பைட்டுகளை நிரப்பும், வேகம் படுத்துவிடும். ஜெமாலாக்கை ஓடுகிற ப்ரோகிராமுக்குள் டிஎல்ஓபன் (ஓடும்போதே லைப்ரரியை லோட் செய்யும் ஃபங்க்‌ஷன்) வழியாக இழுக்கும்போது ஸ்டாட்டிக் டிஎல்எஸ் பிளாக்கில் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் முன்கூட்டியே ஒதுக்கும் தனி இடம்) இடமில்லை என்று எர்ரர் வந்தால் ‘டிஸேபிள்-இனிஷியல்-எக்ஸெக்-டிஎல்எஸ்’ கொடுத்துக் கட்டுங்கள். மெமரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செலவு கூடும், ஆனால் லோட் ஆகும்.

சரி, உங்கள் பைனரியில் என்ன பதிந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘ஸ்டாட்ஸ்-ப்ரிண்ட்:ட்ரூ’ என்று, சரியான முன்னொட்டோடு, கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். ப்ரோகிராம் முடியும்போது வெளிவரும் அறிக்கையில் பில்ட்-டைம் ஆப்ஷன்கள் தனியாகவும் ரன்-டைம் ஆப்ஷன்கள் தனியாகவும் இருக்கும். டீபக், ப்ராஃப் ஆன் ஆகியிருக்கின்றனவா என்று அங்கே பாருங்கள். அந்தப் பகுதியை எடுத்து ரிலீஸ் குறிப்போடு சேர்த்து வையுங்கள். புது மெஷின் வகைக்கு மாறும் முன் அதில் ‘கெட்கான்ஃப் பேஜ்சைஸ்’ ஓட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் என்னைக் கூப்பிட்டால் நானும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

64 கேபிக்குக் கட்டினால் எங்கேயும் ஓடுமே, எப்போதும் அதையே வைத்துவிடலாமா என்று கேட்பீர்கள். ஓடும், ஆனால் விலை உண்டு. அலோகேட்டர் 64 கேபி துண்டுகளாகவே யோசிக்கும். அந்தத் துண்டில் ஒரு மூலையில் ஒரு சின்ன ஆப்ஜெக்ட் உயிரோடு இருந்தாலும் முழுத் துண்டும் கெர்னலுக்குத் திரும்பாது. 4 கேபி மெஷின்கள் மட்டுமே உள்ள இடத்தில் அந்த இழப்பு தேவையில்லாதது. எல்லா சர்வரும் உங்கள் கையில் இருந்து, அளந்து பார்த்ததில் எல்லாமே 4 கேபி என்றால் 12 வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே விநியோகிக்கிற ஏஆர்எம் பைனரி என்றால் ஆப்ஷனில் 16 (அதாவது 64 கேபி) கொடுத்துக் கட்டிவிடுங்கள். ரஸ்ட் பில்டில் இதற்கு ‘ஜெமாலாக்-சிஸ்-வித்-எல்ஜி-பேஜ்’ என்ற வேரியபிள் இருக்கிறது. யாரோ ஒருவர் ராஸ்பெர்ரி பை 5-இல் உங்கள் ப்ரோகிராமைப் போட்டுப் பார்க்கப்போகிறார். கான்ஃபிக் ஃபைலைத் திறந்து 4 கேபி கெர்னலுக்கு மாற்றச் சொல்லி அவரை அலையவிடாதீர்கள்.