வில்லன் – எதிர்நாயகன்: சொல் விளக்கம்

வில்லன்: கதையில் நாயகனின் வழியை மறிப்பவன். பெண்பால் வில்லி, அவன் குணம் வில்லத்தனம்.

லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. அங்கே உழைத்தவன் 'வில்லானுஸ்'. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது நாட்டுப்புறத்தான், பண்பற்றவன், கயவன் எனப் பொருள் படிப்படியாக இழிந்தது. உழைப்பவனை மேட்டுக்குடி பார்த்த பார்வைதான் காரணம். தமிழில் அதன் ஈறு 'அன்' விகுதிபோல ஒலிக்கவே, வில்லி என்ற பெண்பாலை நாமே ஆக்கிக்கொண்டோம். 'வில்லாதி வில்லன்' வேறு. அது வில்லாளியைக் குறிக்கும் நம் சொல்.

தீயோன், கொடியவன் என்று எழுதினால் கதை தொடங்குமுன்பே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. வடமொழி நாடக மரபின் 'பிரதிநாயகன்' போல, 'எதிர்நாயகன்' அவன் நிற்கும் இடத்தை மட்டும் சொல்கிறது, அதுவே பொருத்தம். கதையின் நடுவே நின்றும் நாயகப் பண்பு இல்லாதவனையும் சிலர் எதிர்நாயகன் என்றே எழுதுகிறார்கள். அவனை எதிர்மறை நாயகன் எனலாம்.

கொழும்பு வெள்ளவத்தையில் படம் பார்த்துவிட்டு வருபவர், "வில்லன் சொல்றதிலயும் நியாயம் இருக்குத்தானே" என்றால் எழுத்தாளர் வென்றுவிட்டார். கம்பர் இதை எப்படிச் செய்கிறார் பாருங்கள். முதல்நாள் போரில் தோற்ற இராவணன் எதையெல்லாம் களத்தில் போட்டுவிட்டுப் போனான் என்று அடுக்குகிறார்: யானைகளோடு மோதிய மார்பு, மலையெடுத்த தோள், நாரதருக்கு ஏற்ப நயம்பட உரைத்த நா, பத்து முடிகள், சிவன் தந்த வாள், கடைசியாக வீரம். தோற்ற கணத்தில்தான் அவன் உயரம் முழுதாகத் தெரிகிறது. ஆனாலும் சீதையைக் கவர்ந்த குற்றத்தில் கம்பர் ஒரு துளியும் குறைக்கவில்லை. 1960களில் இலங்கையின் பேராதனையில் அரங்கேறிய 'இராவணேசன்' கூத்து அவனையே நடுவில் நிறுத்தியது.

இன்றைய படங்கள் பல சறுக்குவது இங்கேதான். உச்சக்கட்டத்துக்குச் சற்று முன் ஒரு சிறுவயதுத் துயரக் காட்சியைச் செருகுகிறார்கள். இரக்கம் வரும், ஈர்ப்பு வராது. அவன் விருப்பம் முதல் காட்சிகளிலேயே தெரியவேண்டும். அது நமக்கும் உள்ள விருப்பமாக இருக்கவேண்டும்: பிள்ளை, மண், மானம். அவன் தாண்டாத கோடு ஒன்றும் வேண்டும். அவனால் அழிந்தவர்களுக்கும் முகமும் பெயரும் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் வில்லன் துதி.

பேச்சில் வில்லன் என்றே சொல்லலாம். விமர்சனத்தில் எதிர்நாயகன் என எழுதுங்கள், பெண்ணானால் எதிர்நாயகி.