லாம்டா என்னும் உயிர்வளி உணரி

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், பழைய ஹைலக்ஸ் பக்கியின் கார்பரேட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு லெக்சஸ் வி8 இன்ஜெக்‌ஷன் எஞ்சினை இறக்குவோர் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘லாம்டா’. (பக்கி என்பது பிக்கப் வண்டிக்கு இங்கு வழங்கும் பெயர், சிறு தொட்டி எனப் பொருள்படும் ஆப்பிரிக்கான்ஸ் சொல். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் இதைக் கேட்டுச் சிரித்தால் நாம் கோபித்துக்கொள்வதில்லை.) புகைக்குழாயில் திருகப்படும், கட்டைவிரல் பருமனுள்ள அந்தக் கருவியைச் சிலர் ‘ஆக்சிஜன் சென்சர்’ என்பர். ஒரே பொருளுக்கு வழங்கும் இவ்விரு பெயர்களும் ஒன்றையே சொல்வதில்லை.

லாம்டா ஒரு கிரேக்க எழுத்து. எஞ்சினுக்குள் உண்மையில் செல்லும் காற்று–எரிபொருள் விகிதத்தை, முழுமையாக எரிவதற்கு வேண்டிய விகிதத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைப் பொறியாளர்கள் அவ்வெழுத்தால் குறித்தனர். ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று சென்றால் லாம்டா 1. காற்று மிகுந்தால் 1-க்கு மேல், பெட்ரோல் மிகுந்தால் 1-க்குக் கீழ். 1976-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்த உணரி அமெரிக்காவுக்கான வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தபோது, எண்ணின் பெயரே கருவிக்கும் ஒட்டிக்கொண்டது.

‘ஆக்சிஜன்’ என்பதோ பிழையில் பிறந்த பெயர். அமிலங்கள் அனைத்திலும் இவ்வளி உண்டு என்று நம்பிய பிரெஞ்சு அறிஞர் லவாசியே, ‘புளிப்பை ஈனுவது’ என்ற பொருளில் கிரேக்க வேர்களைக் கொண்டு இப்பெயரை அமைத்தார். உப்பிலிருந்து கிடைக்கும் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்று ஹம்ஃப்ரி டேவி பின்னர் காட்டினார். பெயர் மட்டும் மாறவில்லை. இங்குள்ள ஆப்பிரிக்கான்ஸ் மொழியும் ‘புளிப்புப் பொருள்’ என்றே அதனை அழைக்கிறது. தமிழ் அந்தப் பிழையைச் சுமக்கவில்லை. முன்பு ‘பிராணவாயு’ என்றோம், இன்று ‘உயிர்வளி’ என்கிறோம். வளி பழஞ்சொல், தொல்காப்பியம் ஐம்பூதங்களை எண்ணும்போதும் காற்றை வளி என்றே சொல்கிறது. ‘உணரி’ என்பது உணர் என்னும் வினையடியில் இகர விகுதி சேர்ந்து அமைந்தது. மண்ணை வெட்டும் கருவி மண்வெட்டி ஆவது போல, உணரும் கருவி உணரி ஆகிறது. ‘உணர்கருவி’ என்றாலும் பிழையில்லை, ஆனால் பட்டறையில் நீளமான சொல் நிலைக்காது.

இக்கருவி உணர்வது எதனை? சிர்கோனியா என்னும் பீங்கானாலான சிறு குப்பியின் இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு இருக்கும். வெளிப்பக்கத்தைப் புகை தழுவ, உட்பக்கத்தில் வெளிக்காற்று நிற்கும். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும், இருபுறத்து உயிர்வளியின் வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படும். புகையில் உயிர்வளி அருகியிருந்தால் 0.8, 0.9 வோல்ட், மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவு. பெட்ரோலை அது அளப்பதே இல்லை. மிஞ்சிய உயிர்வளியைக் கொண்டு பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று கணிப்பது எஞ்சின் கணினியின் வேலை. ஆகவே லாம்டா என்பது கணிப்பின் பெயர், உயிர்வளி உணரி என்பது கருவி செய்யும் வேலையின் பெயர்.

இவ்வேறுபாட்டை என் மாமாவின் பக்கியில்தான் கற்றுக்கொண்டேன். எஞ்சின் மாற்றிய பின் வண்டி கரும்புகை கக்கியது, பெட்ரோலைக் குடித்தது. ஆனால் கணினியைப் படித்துப் பார்த்தால் ‘பெட்ரோல் போதவில்லை’ என்றது. உணரியைக் கழற்றினோம், அதன் முனையில் உலர்ந்த கரி அடையாகப் படிந்திருந்தது. லாம்டா கெட்டுவிட்டது என்று புதியது வாங்கிப் போட்டும் பயனில்லை. சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டும் குழாயும் சேருமிடத்தில், இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் ஒரு மூலையில் விட்டிருந்தது. அந்த இடுக்கின் வழியே, புகையின் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டது. அதிலிருந்த உயிர்வளியை உணரி உள்ளபடியே சொன்னது. கணினி அதனைப் பெட்ரோல் பற்றாக்குறை என்று கொண்டு மேலும் மேலும் ஊற்றியது. பிளக் பற்றாத சிலிண்டரும் இதே மயக்கத்தைத் தரும்: எரியாத காற்று அப்படியே வெளியேற, உணரி அதையும் மிச்சம் என்றே காட்டும்.

உணரியைத் தூரத்தில், குழாயின் கடைசியில் பொருத்துவோர் அது சூடேற நேரமாகும் என்பதை மறக்கிறார்கள்; அங்கே வைப்பதாயின் சூடேற்றும் கம்பியுள்ள நான்கு வயர் உணரியே வேண்டும். முனையும் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையெனில் குழாயில் வியர்க்கும் நீர் பீங்கானைப் பிளக்கும். 2006-இல் ஈயம் கலந்த பெட்ரோல் இந்நாட்டில் நின்றது, அதனால் பிளாட்டினத்தை ஈயம் கெடுக்கும் பழைய தொல்லை இப்போது இல்லை.

எழுத்தில் ‘உயிர்வளி உணரி’ என்றே வழங்கலாம். லாம்டாவை எண்ணுக்கு விட்டுவிடலாம். புகையிலுள்ள நச்சு வளிகளை வேதிவினையால் மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னே இரண்டாவதாக ஒன்று உள்ள எஞ்சின்களில் ‘முன்னுணரி’, ‘பின்னுணரி’ என்று பிரித்துச் சொல்வது தெளிவு. பின்னுணரியின் முதன்மை வேலை கன்வெர்ட்டர் உழைக்கிறதா என்று பார்ப்பது. அதனை லாம்டா என்று அழைப்பதில் பொருளே இல்லை.