காரில் துரு மறைவிடத்தைத் தேடுவது ஏன்?

சென்னைக் கடலோரத்தில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் தெருவிலேயே நிற்கும் கார்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மழையும் வெயிலும் நேராக விழும் கூரையும் பானெட்டும் பளபளவென்று இருக்கும். கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவின் உள்மடிப்பிலும் பெயின்ட் கொப்புளம் விட்டிருக்கும்.

துரு பிடிப்பது ஒரு மின்வேதி வினை. ஈரமான தகட்டில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே இன்னோர் இடத்துக்கு ஓடி, அங்குள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிகின்றன. இதில் ஆச்சரியமான விஷயம், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடம் பிழைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடம்தான் கரைகிறது. சேறு அப்பிய மடிப்பு, ரப்பர் பீடிங்கின் அடிப்பக்கம், இரண்டு தகடுகள் ஒட்டிய இடுக்கு எல்லாம் காற்று சரியாகப் புகாத இடங்கள். ஈரமும் அங்கேதான் நெடுநேரம் தங்குகிறது.

கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழையே இல்லாத மாதத்திலும் இரவில் கார் நனைகிறது என்றே சொல்லலாம். உப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வினையும் வேகமெடுக்கிறது.

அலுமினியத்தின் ஆக்சைடு இறுகப் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது. இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு பெயின்டைத் தள்ளித் தூக்கும். கொப்புளத்தைக் கண்ணால் பார்க்கும்போதே உள்ளே வேலை வெகுதூரம் போயிருக்கும். கார் தகட்டின் தடிமனே ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவுதான்.

துத்தநாகம் பூசிய தகடு இதற்கு நல்ல பதில். இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதால், கீறல் விழுந்த இடத்திலும் துத்தநாகம்தான் முதலில் கரையும். அது தீரும்வரை இரும்பு தப்பிக்கும்.

துரு வந்துவிட்டால் அதன் மேலேயே பட்டி பூசித் தேய்த்து பெயின்ட் அடிப்பதுபோல மோசமான வேலை வேறில்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே வினை தொடரும். ஓரிரு மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி பொங்கும். உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளுக்குள் எஞ்சும் துருவுக்கு டானிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் உண்டு. பூசினால் செம்பழுப்பு கறுப்பாக மாறும், அது எளிதில் கரையாத சேர்மம். அதன் மேல் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகுதான் பட்டி. தகடு ஓட்டையாகிவிட்டால் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வெல்டிங் செய்வதே வழி.

தடுப்பதற்குப் பெரிய செலவு வேண்டாம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் பீய்ச்சிக் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தவிருங்கள். ஈரமான காரைக் கவர் போட்டு மூடாதீர்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும் மிதியடிகளுக்குக் கீழேயும் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் நீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேறும் பாதை அதுதான். மண்ணும் சருகும் அடைத்திருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள்.